டிஸ்சார்ஜுக்குப் பின் ஊர் எங்கே போகிறது?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்தில் ஒருவர் திடீரென்று வாய் கோணி விழுந்தாலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, ஆஸ்பத்திரி வாசலில் ஆள் சேர்வதற்கு அதிக நேரம் ஆவதில்லை. பங்காளிகள், மாமன் மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர், தறிப்பட்டறை முதலாளி, லாரி பாடி கட்டும் பட்டறையில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று பத்துப் பதினைந்து பேராவது வந்துவிடுகிறார்கள். ஒருவர் அட்வான்ஸ் கட்டப் பணம் புரட்டுகிறார். ஒருவர் என்ன குரூப் ரத்தம் வேண்டும் என்று விசாரிக்கிறார். இன்னொருவர் சேலத்தில் தெரிந்த டாக்டருக்குப் போன் போடுகிறார். கொங்கு வட்டாரத்துக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் இந்தக் கூட்டம் நோயாளி எழுந்து நடப்பதற்கு எவ்வளவு உதவுகிறது, எந்தக் கட்டத்தில் உதவுகிறது, யாருக்கு உதவாமல் போகிறது என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் ஆதரவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது முதல் சில நாளில் தேவைக்கு மேல் குவிந்து, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கலைந்துவிடுகிறது. நோயாளியின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதற்குப் பிறகு வரும் ஆறு மாதங்கள். அந்த மாதங்களில் அவர் பெரும்பாலும் ஒற்றைப் பெண்ணின் கையில் விடப்படுகிறார்.

துணை இருந்தால் பிழைப்பார் என்பது ஊர்ப்பேச்சு மட்டும்தானா என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாகத் தேடியிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் மாரடைப்பால் சேர்க்கப்பட்ட 65 வயதைத் தாண்டிய 194 பேரைப் பற்றி லிசா பெர்க்மன் குழுவினர் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, ஆள் இருப்பவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. 2010இல் ஜூலியன் ஹோல்ட் லன்ஸ்டட் குழுவினர் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உறவும் நட்பும் வலுவாக இருப்பவர்களுக்கு உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை எழுதுவது சுலபம். ஆனால் 2003இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு இந்த உற்சாகத்துக்குக் கடிவாளம் போட்டது. மாரடைப்பு வந்து, மனச்சோர்விலோ தனிமையிலோ இருந்த 2,481 பேரில் ஒரு பாதிக்கு ஆலோசனை அமர்வுகள் வைத்தார்கள். அவர்களுடைய சோர்வும் தனிமையும் ஓரளவு குறைந்தன. இறப்போ மறுபடி மாரடைப்பு வருவதோ குறையவில்லை. இதிலிருந்து ஆதரவு பயனற்றது என்று முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. ஆறுதல் சொல்வது மட்டும் உயிரைக் காப்பதில்லை. மாத்திரை தீர்ந்ததைக் கவனிப்பவர், கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வண்டியை எடுப்பவர், சமைத்து வைத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரி ஆகியோர் கூடவே வாழ்கிற மனிதர்கள். வாரம் ஒருமுறை நடக்கும் அமர்வு அவர்கள் இடத்தை நிரப்பாது. எனவே ஆதரவு நல்லதா கெட்டதா என்று பேசுவதைவிட, எந்த வேலையாக அது மாறுகிறது என்று பார்ப்பதே உருப்படியானது.

முதல் வேலை நேரத்தைக் காப்பது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மாரடைப்பிலும் அப்படித்தான், கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் நான்கு தொகுப்புகளாகச் சிறு மருத்துவமனைகளையும் பெரிய இதய மையங்களையும் ஆம்புலன்ஸ் வழியாக ஒரே வலையில் கோத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. வலையமைப்பு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, வந்த பிறகு 14.2 விழுக்காடு. புது மருந்தோ புது அறுவைச் சிகிச்சையோ இல்லாமல், யார் யாரை எங்கே அனுப்புவது என்ற ஒழுங்கினால் மட்டுமே நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் பிழைத்தார்கள். 2008 செப்டம்பரில் வந்த 108 ஆம்புலன்ஸும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 2023ஆம் ஆண்டின் இதயம் காப்போம் திட்டமும் இதே தர்க்கத்தில் எழுந்தவை. நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை பெரிய கண்டம் என்றால் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ கோவைக்கோ ஓட வேண்டும். கொல்லிமலைக்காரருக்கு அதற்கு முன்பே 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும்.

இந்த முதல் மணி நேரங்களில் ஊர்க்கூட்டம் உதவுவதும் உண்டு, கெடுப்பதும் உண்டு. வாகனம் எடுப்பதிலும் ஆள் தூக்குவதிலும் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. முடிவெடுப்பதில்தான் கோளாறு. பெரிய மாமா வரட்டும், சேலத்தில் தெரிந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம், முதலில் பக்கத்து கிளினிக்கில் காட்டுவோம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லி, ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரி ஒன்றிரண்டைச் சுற்றிவிட்டு, கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போகும்போது நான்கரை மணி நேரம் முடிந்திருக்கும். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் 108ஐ அழைத்து ஸ்கேன் வசதி உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது என்ற ஒரே விதியை ஒரு கிராமம் மனப்பாடம் செய்திருந்தால் போதும். பத்துப் பேர் கூடி நிற்பதைவிட அது பெரிய உதவி.

அடுத்தது படுக்கையருகில் இருக்கும் நாட்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் நோயாளியின் துணையாள் என்பவர் எழுதப்படாத ஊழியர். மெத்தையின் அடியில் சுருட்டி வைத்த கோரைப்பாய், பிளாஸ்க், எவர்சில்வர் டிபன் கேரியர், ஒரு மஞ்சள் பையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் ஆதார் ஜெராக்ஸும் வருமானச் சான்றும். இவற்றோடு ஒருவர் வாரக்கணக்கில் வராந்தாவில் குடியிருக்கிறார். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதும், ஸ்ட்ரெச்சரில் ஒரு முனையைப் பிடிப்பதும், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவதும், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் அவர் கைக்கே வந்து சேர்கின்றன. செவிலியர் பற்றாக்குறையை இப்படித்தான் நம் குடும்பங்கள் ஈடுகட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பக்கவாத நோயாளிக்கு விழுங்கும் திறன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் முன் வாயில் காபி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் முடியலாம். சிறுநீரகம் பழுதான நோயாளிக்குப் பார்க்க வருபவர்கள் பாசத்தோடு கொண்டுவரும் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் இளநீருமாக வந்து குவியும் அன்பை யாராலும் மறுக்க முடியாது. எதை உள்ளே அனுமதிக்கலாம் என்று வார்டு வாசலில் தமிழில் ஒரு பலகை வைப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?

இங்கே மருத்துவர்கள் எழுப்பும் ஆட்சேபணை ஒன்று உண்டு. கூட்டம் சேர்ந்தால் தொற்று சேரும், ஐசியுவுக்குள் சொந்தக்காரர்களை விட முடியாது என்பார்கள். கூட்டம் பற்றி அவர்கள் சொல்வது சரி. குடும்பத்தில் ஒருவரையும் அருகில் விடாதது சரியென்று சான்றுகள் சொல்லவில்லை. பிரேசிலில் 36 ஐசியுக்களில் 1,685 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. உறவினர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை கூட இருக்கலாம் என்று விட்டபோது தொற்று கூடவில்லை. நோயாளியின் சித்தப்பிரமை குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் உறவினர்களுடைய பதற்றமும் சோர்வும் குறைந்தன. பதற்றம் குறைந்த ஒருவரே டாக்டர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபின் செய்யக்கூடியவர். எனவே வாசலில் பதினைந்து பேர் நிற்பதற்குப் பதிலாக, முறைவைத்து ஒருவர் உள்ளே இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. ரத்தத்திலும் இதே ஒழுங்கு தேவை. பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகு ஆபரேஷன் நாளில் உறவுக்காரர்களைத் தேடி ஓடுவதைவிட, ஆண்டுக்கு இரண்டு முறை முகாமில் தாமாகவே கொடுத்துவிட்டு வருவது நோயாளிக்கும் ரத்தவங்கிக்கும் பாதுகாப்பு.

பணத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்ப் பெருமை சற்றுத் தடுமாறும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தால் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். கிராமப்புறத்தில் சுமார் 80 விழுக்காடு குடும்பங்கள் இதைத் தம் வருமானத்திலும் சேமிப்பிலும் இருந்து கட்டின. சுமார் 13 விழுக்காடு முதன்மையாகக் கடனில் கட்டின. உறவினரும் நண்பரும் கொடுத்ததே முதன்மை வழியாக இருந்த குடும்பங்கள் மிகச் சொற்பம். இது இந்தியா முழுவதற்குமான கணக்கு, நாமக்கல்லுக்கு மட்டும் உரியதல்ல. ஆனாலும் ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், கூடிச் செலவைத் தாங்கிக்கொள்கிறது என்ற நம்பிக்கையை உரசிப் பார்க்க இது போதும். வாசலில் புரட்டப்படும் பணத்தில் பெரும்பகுதி கைமாற்று. திருப்பிக் கொடுக்க வேண்டியது. திருமணத்துக்கு வைத்த மொய் நோட்டில் எழுதப்பட்டுப் பல ஆண்டு கழித்துத் திரும்புவதைப் போன்ற பொறுமை ஆஸ்பத்திரிக் கடனுக்குக் கிடைப்பதில்லை.

ஊர்ப்பணம் யாரைத் தேடிப் போகிறது என்பதற்கு இரண்டு எதிரெதிர் சாட்சிகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. 2021இல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத்தண்டுவட தசைநார் சிதைவு நோய்க்கான ஒரே ஊசி 16 கோடி ரூபாய் என்று செய்தி பரவியபோது, முகம் தெரியாதவர்களும் பணம் அனுப்பினார்கள். பல கோடி ரூபாய் இறக்குமதி வரியை ஒன்றிய அரசு விலக்கியது. அடுத்தது 2025 ஜூலை. பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களைத் தேடிவந்த தரகர்கள், கடனில் மூழ்கியவர்களின் சிறுநீரகத்தை விலைபேசியது வெளியே வந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. ஒரே மாவட்டம், நான்கு ஆண்டு இடைவெளி. முகமும் கதையும் பரவலாகத் தெரிந்த ஒரு துன்பத்துக்குக் கோடிகள் சேர்ந்தன. வட்டி கட்ட முடியாமல் தறி ஓட்டியவரின் துன்பத்துக்கு ஊரில் யாரும் உண்டியல் வைக்கவில்லை. இதை மனிதர்களின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. திரட்டப்படும் நிதி கதை உள்ள இடத்துக்குப் பாயும், அதுதான் அதன் இயல்பு. அதனாலேயே பணத்தின் பாரத்தைக் காப்பீடுதான் தாங்க வேண்டும். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான காப்பீடு அதற்காகவே இருக்கிறது. ஆனால் கார்டு எடுக்க வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வேண்டும். கண்டம் வந்தபின் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுபவர்கள் எத்தனையோ பேர். மகளிர் குழுக்களுக்கு இது கைவந்த வேலையாக வேண்டும். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் அடுத்ததாகவே பரவியது அன்றைய சேலம் மாவட்டத்துக்கு, அதாவது நாமக்கல்லும் சேர்ந்த நிலத்துக்கு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம் உள்ள அந்தக் குழு, தன் உறுப்பினர் எல்லோர் வீட்டிலும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஒரே கூட்டத்தில் பார்த்துவிட முடியும்.

இனி, கூட்டம் கலைந்த பிறகு. ஐசியுவில் பல நாள் இருந்து மீண்டவர்களுக்குத் தசை கரைவதும், நினைவு தடுமாறுவதும், இரவில் அஞ்சி எழுவதும் மாதக்கணக்கில் தொடரும் என்பதை மருத்துவம் 2010க்குப் பிறகுதான் ஒரு தனி நோய்த்தொகுதியாகப் பெயரிட்டுப் பார்க்கத் தொடங்கியது. ஊர் இன்னும் அங்கே வரவில்லை. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டால் பிழைத்துவிட்டார், இனி ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்பதே பொது நினைப்பு. ஓய்வுதான் அவருக்கு எதிரி; கையையும் காலையும் அசைக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போகும். முட்டைக்குப் பேர்போன ஊரில், நோயாளிக்கு முட்டை சூடு என்று தயங்கி ரவைக் கஞ்சியிலேயே மாதம் ஓட்டுவது எனக்கு எப்போதும் வியப்பு. கரைந்த தசை மீள அவருக்கு வேண்டியது அந்தப் புரதம். நெடுந்தூர லாரி ஓட்டியவருக்கு ஒரு பக்கம் செயலிழந்தால் ஸ்டியரிங் போய்விட்டது; அவர் வீட்டில் வருமானம் நின்ற நாளும் பிசியோதெரபிக்கு ஆட்டோ வைக்க வேண்டிய நாளும் ஒன்றாகவே வருகின்றன. அவரைப் பார்க்க முதல் வாரம் வந்தவர்கள் இரண்டாம் மாதம் வருவதில்லை. வந்தாலும் உட்கார்ந்து இவரைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டுப் போகிறார்கள். மனைவி அவர்களுக்கும் சேர்த்துக் காபி போட வேண்டியிருக்கிறது.

குடும்பமே பார்த்துக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு இந்தியாவிலேயே பதில் கிடைத்திருக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளின் வீட்டாருக்கு உடற்பயிற்சியும் பராமரிப்பும் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களோ பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களோ பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 விழுக்காடு. பெறாத குடும்பங்களிலும் 47 விழுக்காடு. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை என்று தோன்றலாம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். வேலைக்கும் போய், சமைத்து, துவைத்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் பிசியோதெரபிஸ்டின் வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் அது நடக்காது. அந்த ஆய்வு காட்டியது குடும்பத்தின் எல்லையை. அந்த எல்லைக்கு அப்பால் இரண்டு வேண்டும்: வீட்டுக்கு வரும் கைதேர்ந்த ஆள், அவர் வராத நாட்களில் அந்தப் பெண்ணின் மற்ற வேலைகளை வாங்கிக்கொள்ளும் அக்கம்பக்கம். முதலாவதை அரசுதான் தர முடியும். இரண்டாவதை அரசாணை போட்டு உண்டாக்க முடியாது.

ஊராதரவைப் புகழ்வது அரசு கைகழுவுவதற்கு வழி என்று எதிர்ப்பவர்கள் இடதுசாரிகளில் நிறைய. அந்த அச்சம் வீண் அச்சமில்லை. வார்டில் துணையாள் செய்யும் வேலையே அதற்குச் சாட்சி. ஆனால் கேரளம் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், 2001 வாக்கில் மலப்புறத்தில் அக்கம்பக்க வலையமைப்பாக மாறியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வாரத்தில் சில மணி நேரம் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கடைக்காரர்களும் பஸ் ஊழியர்களும் சின்னச் சின்னத் தொகை கொடுத்தார்கள். அது வளர்ந்தபோது அரசு விலகவில்லை, 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாக அதற்கென்று கொள்கை அறிவித்து உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. மக்கள் செய்து காட்டியதால்தான் அரசு உள்ளே இழுக்கப்பட்டது. இங்கே வரிசை தலைகீழ். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லவும், அவர்கள் சொல்லிவிட்டுப் போன பயிற்சி நடக்கிறதா என்று பார்க்கவும் ஊரில் ஆள் இல்லை.

கடைசியாகவும் கடினமாகவும் உள்ள ஆட்சேபணை, ஊர் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பது. ஊர்த்தெருவில் விழுந்தவருக்கு வரும் கார் காலனியில் விழுந்தவருக்கும் அதே வேகத்தில் வருமா என்பது நாம் கேட்டுக்கொள்ளத் தயங்கும் கேள்வி. கோழிப்பண்ணையிலும் விசைத்தறியிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவருக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப் பங்காளி யார்? இந்த மாவட்டத்துக்கே கசப்பான பழைய பாடம் ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. லாரித் தொழிலைப் பிடித்தபோது, அது திடீர் நோயாக இல்லாவிட்டாலும், திடீரென்று காய்ச்சலும் காசமுமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைத் தேடி யாரும் வரவில்லை. உறவே வாசலைச் சாத்தியது. இங்கே பிறந்த ப. கௌசல்யா, கணவர் மூலம் தொற்று வந்து ஒதுக்கப்பட்டவர், 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். 2004இல் எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. மருந்து வந்தபோது, அதைத் தவறாமல் சாப்பிட வைத்ததிலும் வார்டில் பக்கத்தில் உட்கார்ந்ததிலும் இத்தகைய அமைப்புகளுக்கு இருந்த பங்கு பெரிது. பிறந்த ஊர் கைவிட்ட இடத்தில் நோயாளிகளே தங்களுக்கு ஊரானார்கள். ஆதரவு ரத்த உறவில்தான் வரும் என்பவர்களுக்கு இதுவே பதில். அதைப் புதிதாகக் கட்ட முடியும். கட்டும்போது யாரை வெளியே விடுகிறோம் என்று எண்ணிப் பார்க்கவும் முடியும். லாரி உரிமையாளர் சங்கமும் கோழிப்பண்ணையாளர்களும் நினைத்தால் தங்களிடம் வேலை செய்யும் வெளிமாநிலத்தவருக்குத் துணையாள் முறையை ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போகும் நாமக்கல், சேலம் மாவட்ட வாசகர்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கடந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வீட்டில் படுத்திருப்பவர்கள் யார் யார், காலனியும் மலைக்குடியிருப்பும் பண்ணைக் கொட்டகையும் சேர்த்து ஒரு பட்டியல். அதன் ஒரு நகலை உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கொடுங்கள். இன்னொன்றை மகளிர் குழுவிடம் கொடுத்து, எந்த வீட்டுக்கு எந்த நாளில் யார் போவது என்று அங்கேயே பெயர் எழுதச் சொல்லுங்கள்.